பொன் போயிற்று, ஊர் நின்றது

பொன் என்று சொன்னவுடன் எமது இல்லங்களிலே பெண்களுக்குத் தாலிக்கொடியும் காப்பும் நினைவுக்கு வரும். ஆண்களுக்கு அடகுக் கடை நினைவுக்கு வரும். அந்தப் பொன் கடற்கரை மணலிலே கலந்து கிடந்து, மண்வெட்டி கொண்டு அள்ளி அரித்தெடுக்கப்பட்ட இடமொன்று உலகில் இருந்தது என்றால் வாசகர்கள் வியப்படைவார்கள். அவ்விடத்தை நேரிலே காணும் வாய்ப்பு எமக்குச் சென்ற மார்கழி விடுமுறையிலே கிட்டியது. நாம் கண்டதைச் சொல்லுமுன், எவ்வாறு அங்கே போய்ச் சேர்ந்தோம் என்பதைச் சொல்லுதல் வேண்டும். ஏனெனில் அந்தப் பயணத்துக்குப் பின்னாலே ஒரு குடும்பக் காரியமும் இருந்தது.

எமது இல்லாளின் இளைய சகோதரர் நியூசிலாந்து நாட்டின் தென்தீவிலுள்ள கிறைஸ்ற்சேர்ச் நகரிலே பொறியியலாளராக இருக்கின்றார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஊரிலே அவருடைய தாயார் வாழ்ந்த நாற்சார் வீடு, அம்மையார் காலமான நாள் முதலாக ஏழு வருடங்களாகப் பூட்டிக் கிடக்கின்றது. முற்றத்திலே பலா உதிர்கின்றது. கிணற்றடியிலே பாசி படர்கின்றது. அதை வாங்கி இடித்துவிட்டுக் கலியாண மண்டபம் கட்ட ஒருவர் முன்வந்திருந்தார். விற்பனைக்கு வேண்டிய அற்றோணித் தத்துவப் பத்திரத்தை நொத்தாரிசு எழுதித் தந்தார். அதிலே மைத்துனரின் கையொப்பம் வேண்டியிருந்தது. விற்ற பணத்தில் ஒரு பங்கை எமது மூத்த மகனின் வெளிநாட்டுப் படிப்புக்குத் தருவதாக மைத்துனர் முன்னரே கூறியிருந்தபடியால், இந்தக் காரியத்திலே எமக்கும் நாட்டம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. எள்ளுருண்டைக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவே அப்பத்திரமும் எமது பெட்டியிலே பயணஞ் செய்தது.

"முதலிலை இந்த நாட்டைப் பாருங்கோ அத்தான். பேப்பர் வேலையைப் பிறகு பாப்பம்" என்றார் மைத்துனர். அவரும், அவருடைய பத்து வயது மகளும், நாமும் ஒரு காலை வேளையிலே மேற்குக் கரையை நோக்கிப் புறப்பட்டோம். மைத்துனரின் மனைவியார் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டித் தந்தார்.

மலையைத் தாண்டி மழைக்குள்ளே

தென்தீவின் முதுகெலும்பு போன்று நீண்டு கிடப்பது தென் அல்ப்ஸ் மலைத்தொடர். அதன் உச்சி, 3,724 மீற்றர் உயரமான அவோராக்கிச் சிகரம். மேற்கிலிருந்து வீசும் காற்று தஸ்மன் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து இந்த மலையிலே மோதுகின்றது. மோதி ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டுகின்றது. யாழ்ப்பாணத்திலே ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். மேற்குக் கரையிலுள்ள ஹொக்கிற்றிக்கா என்னும் நகரிலே அதைப்போல் இரு மடங்குக்கு மேல். தெற்கே பனியாறுகளின் அடிவாரத்திலே நான்கு மடங்கு. ஆனால் மலைக்குக் கிழக்கே கிறைஸ்ற்சேர்ச் நகரிலோ எமது மழையிற் பாதிதான். ஒரே தீவிலே சில மணி நேரப் பயணத்துக்குள் வறண்ட புல்வெளியையும் மழைக்காட்டையும் காண்பது புவியியல் மாணவருக்கு நல்ல பாடமாகும்.

நாம் சென்ற பாதை ஆதர் கணவாய் வழியாகச் செல்வது. கடல் மட்டத்துக்கு மேல் 920 மீற்றர் உயரத்திலுள்ள அக்கணவாயை 1864 ஆம் ஆண்டிலே ஆதர் டட்லி டொப்சன் என்னும் நில அளவையாளர் ஆராய்ந்தார். அவருக்கு நெடுங்காலம் முன்னரே அந்நாட்டுப் பழங்குடியினரான மாவோரியர், மேற்குக் கரையின் ஆற்றுப் படுகைகளிலே கிடைக்கும் 'பொனமு' எனப்படும் பச்சைக் கல்லைத் தேடி இம்மலைகளைக் கடந்து நடந்தனர். ஆயுதமும் அணியும் செய்ய உதவிய அக்கல்லே அவர்களுக்குப் பொன். மஞ்சள் பொன்னை அவர்கள் பொருட்படுத்தவில்லை. மஞ்சள் பொன் அகப்பட்டபின் வண்டிப் பாதை வெகு விரைவிலே வெட்டப்பட்டது. 1866 இல் கிறைஸ்ற்சேர்ச்சுக்கும் ஹொக்கிற்றிக்காவுக்குமிடையே குதிரை வண்டிகள் ஓடத் தொடங்கின. ஆசை வெட்டிய பாதை என்று அதனைச் சொல்லலாம்.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியைக் குறிப்பிடுதல் வேண்டும். மேற்குக் கரையின் பெரும் பகுதியை 1860 ஆம் ஆண்டிலே ஆங்கில அரசாங்கம் நைத்தாஹு என்னும் மாவோரிக் குலத்தாரிடமிருந்து வாங்கியது. கொடுத்த விலை 300 பவுண். நான்கு ஆண்டுகளிலே அதே மண்ணிலிருந்து பொன் இறைக்கப்பட்டது. விற்றவருக்கு அதிலே பங்கில்லை. நூற்றாண்டுக்கு மேலாக நீடித்த முறைப்பாட்டின் பின்னர், 1997 இல் பச்சைக் கல்லின் உரிமை அக்குலத்தாருக்கு மீண்டது. 1998 இல் சட்டமூலம் இழப்பீடும் அரசின் மன்னிப்பும் கிடைத்தன. அவோராக்கி என்னும் பழைய பெயரும் அதே ஆண்டிலே சிகரத்துக்குத் திரும்பியது. நிலத்தை விற்பவர் விலையை மட்டும் பார்த்தல் போதாது என்று அப்போது எம் மனத்திலே ஓர் எண்ணம் தோன்றி மறைந்தது. பெட்டியிலிருந்த பத்திரம் நினைவுக்கு வந்தது.

கடலே அரித்த பொன்

ஹொக்கிற்றிக்காவிலே இரவு தங்கினோம். 1864 ஆம் ஆண்டின் இறுதியிலே வெறும் மணற்றிடலாக இருந்த இடம் அது. இரண்டு ஆண்டுகளுக்குள் அந்நாட்டின் பெருந் துறைமுகங்களுள் ஒன்றாயிற்று. அவுஸ்திரேலியாவின் விக்ரோறியாச் சுரங்கங்களிலிருந்தும், தென்தீவின் ஒற்றாகோப் பகுதியிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் கப்பல் கப்பலாக வந்திறங்கினர். ஆற்று முகத்திலுள்ள மணல் மேடோ ஓயாது இடம் மாறுவது. அதன்மேல் ஏறி உடைந்த கப்பல்கள் பல. கப்பல் தரைதட்டுவதைப் பார்ப்பது ஊராருக்கு வேடிக்கையாகவே ஆகிவிட்டதாம்! எலினோர் கற்றன் என்னும் எழுத்தாளர் 1866 ஆம் ஆண்டு ஹொக்கிற்றிக்காவைக் களமாக வைத்து எழுதிய நாவல் 2013 இல் புக்கர் பரிசு பெற்றது.

மறுநாள் தெற்கு நோக்கிச் சென்று, பெருந்தெருவை விட்டு விலகிக் கடலை நோக்கிச் சுமார் 13 கிலோமீற்றர் காட்டுவழி போனோம். வழியிலே வாகனங்களை மெதுவாகச் செலுத்துமாறு அறிவிக்கும் பலகைகள் இருந்தன. 'றோவி' என்னும் அரிய கிவிப் பறவை இந்தக் காட்டிலேதான் வாழ்கின்றது. பறக்க இயலாத இப்பறவை 1990 களில் ஏறக்குறைய 160 என்னும் எண்ணிக்கைக்கு இறங்கிவிட்டது. அதன்பின் முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்திலே பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்துக் காட்டிலே விட்டதனால் இப்போது பெருகி வருகின்றது. காடு முடியுமிடத்திலே கடலின் இரைச்சல் கேட்டது. அதுவே ஒக்காரிற்றோ.

கடற்கரையிலே பொன் எவ்வாறு வந்தது? மாணவர்கள் கேட்கக்கூடிய கேள்வி இது. தென் அல்ப்ஸ் மலைப் பாறைகளிலே வெண்கல் இழைகளோடு பொன்னும் கலந்துள்ளது. மழையும் பனியாறும் அப்பாறைகளை அரைத்து நொறுக்குகின்றன. ஆறுகள் அந்நொறுங்கலைக் கடலுக்குக் கொண்டு செல்கின்றன. கடல் அதனைத் திரும்பவும் கரையிலே வீசுகின்றது. பொன் நீரைக் காட்டிலும் 19 மடங்கு பாரமுடையது. சாதாரண மணலோ இரண்டரை மடங்கு அளவிலேதான். ஆகவே பெரும் புயல் அடிக்கும்போது இலேசான வெண்மணலை அலைகள் வாரிக்கொண்டு போய்விட, பாரமான கருமணலும் அதனோடு பொன் தூளும் படைபடையாகக் கரையிலே தங்கிவிடுகின்றன. எமது பெண்கள் சுளகிலே அரிசியைப் புடைத்துக் கல்லையும் உமியையும் பிரிப்பது போன்றே கடலும் யுகயுகமாகப் புடைத்துக்கொண்டிருந்தது. மனிதன் வந்து சுளகிலே எஞ்சியதை எடுத்துக்கொண்டான்.

எடுத்த வழியும் எளிது. நீண்ட மரத் தொட்டியைச் சாய்வாக வைத்து, அதன் அடியிலே கம்பளித் துணியை விரித்து, கருமணலை இட்டு நீரை ஓடவிடுவார்கள். மணல் ஓடிவிடும், பொன் துணியின் மயிரிலே சிக்கும். மா போன்ற நுண்ணிய தூளாயின் இரசம் பூசிய செப்புத் தகட்டின்மேல் ஓடவிடுவார்கள். இரசம் பொன்னைப் பற்றிக்கொள்ளும். பின்னர் சூடாக்கினால் இரசம் ஆவியாகப் பிரிந்து பொன் எஞ்சும். எமது மருமகள், அதாவது மைத்துனரின் மகள், புட்டுக் கொண்டுவந்த பெட்டியின் மூடியிலே ஒரு பிடி கருமணலை அள்ளி நீர் விட்டுச் சுழற்றிப் பார்த்தாள். கருமணல்தான் மினுங்கியது. "எல்லாத்தையும் எடுத்திட்டினம் போல" என்றாள் ஏமாற்றத்தோடு.

ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர்

1865 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே ஒக்காரிற்றோவைச் சூழ்ந்த கரைகளிலே பொன் இருப்பது தெரியவந்தது. சில மாதங்களுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே குவிந்தனர். கூடாரங்களும் மரக் கட்டடங்களும் எழுந்தன, கடைகளும் மதுச்சாலைகளும் வரிசையாகத் தோன்றின, வங்கிகளும் வந்தன. அருகே மூன்று மைற் கரை, ஐந்து மைற் கரை என்று தூரத்தையே பெயராகக் கொண்ட கிளைக் குடியிருப்புகளும் பிறந்தன. பெயர் வைக்கக்கூட அவர்களுக்குப் பொழுதில்லை போலும்.

பொன் அகப்பட்டவர் எல்லோரும் செல்வராகவில்லை. அரிசி, மா, தேயிலை யாவும் கடல் வழியே வந்து, கரையுடைக்கும் அலைகளைத் தாண்டி இறங்கவேண்டியிருந்தமையால் விலை மிக அதிகம். அரித்த பொன்னிற் பெரும் பகுதி கடைக்காரரின் தராசுக்கே போயிற்று. மேற்குக் கரையின் ஆறுகளோ மலையிலே மழை பெய்த சில மணி நேரத்துக்குள் பொங்கிவிடுவன. பாலம் ஏதும் இல்லாத அக்காலத்திலே அவற்றைக் கடக்க முயன்று மாண்டவர் மிகப் பலர். நீரில் மூழ்கி இறப்பதற்கு 'நியூசிலாந்துச் சாவு' என்றே அன்று பெயர் வழங்கியது. வீட்டுக்குக் கடிதம் எழுதுவதாகச் சொல்லிப் புறப்பட்டு, எழுதாமலே போன மக்கள் எத்தனை பேரோ!

ஐரோப்பியர் முதலில் அரித்துவிட்டுப் போன மண்ணைச் சீனர்கள் பின்னர் வந்து பொறுமையாக மீண்டும் அரித்தனர். உழைப்பாளிகளாகிய அவர்கள்மீது 1881 இல் தலைக்கு 10 பவுண் நுழைவு வரி விதிக்கப்பட்டது; 1896 இல் அது 100 பவுண் ஆக்கப்பட்டது. வேறெந்த இனத்தாருக்கும் அத்தகைய வரி இருக்கவில்லை. 1944 இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 2002 ஆம் ஆண்டிலே பிரதமர் ஹெலன் கிளார்க் அதற்காகச் சீன மக்களிடம் மன்னிப்புக் கோரினார். அந்நாட்டார் தமது பிழைகளைப் பிள்ளைகளுக்கு மறைக்காது கற்பிக்கின்றனர் என்பது ஆசிரியராகிய எமக்கு மனநிறைவைத் தந்தது.

அலை வந்த வேகத்திலேயே வடிந்தது. கரையிலிருந்த பொன் குறைந்ததும், வேறிடத்திலே பொன் என்ற செய்தி வந்தது. கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். கட்டடங்களைக் காடு விழுங்கியது. இன்று ஒக்காரிற்றோவிலே நிலையாக வாழ்பவர் முப்பது பேரளவில்தான்.

வெண் கொக்கும் வேறோர் உறவும்

ஊரின் முன்பக்கத்திலே ஒரு நினைவுத் தூண் நிற்கின்றது. ஒல்லாந்துக் கடலோடியான ஆபெல் தஸ்மன் 1642 ஆம் ஆண்டு டிசம்பர் 13 ஆந் திகதி ஐரோப்பியருள் முதல்வராக நியூசிலாந்தைக் கண்டது இந்தக் கரையைத்தான். அவரை அனுப்பியது பத்தேவியாவிலிருந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்ததும் அதே கம்பனிதான்! இத்துணைத் தூரத்திலும் எமது ஊர்க் கதையின் நுனி ஒன்று கிடக்கக் கண்டு சற்று நேரம் அத்தூணின் அடியிலே நின்றோம்.

ஊருக்கு வடக்கே விரிந்து கிடப்பது 3,000 ஹெக்ரயருக்கு மேற்பட்ட களப்பு. அதன் கரையிலே பெரிய வெண் கொக்கு ஒன்று ஒற்றைக் காலிலே நின்றது. "அத்தான், இதைப் பாக்கத்தான் உலகம் முழுக்க இருந்து ஆக்கள் வருகினம்" என்றார் மைத்துனர். நாம் சிரித்துவிட்டோம். தொண்டைமானாற்றிலும் யாழ்ப்பாணக் களப்பிலும் நாள்தோறும் நாம் காணும் அதே இனமன்றோ அது! ஆனால் நியூசிலாந்து முழுவதிலும் அது கூடு கட்டுமிடம் ஒன்றே ஒன்றுதான். ஒக்காரிற்றோவுக்கு அண்மையிலுள்ள வைத்தாங்கிரொட்டோ ஆற்றங்கரை. சீமாட்டிகளின் தொப்பிகளை அலங்கரிக்கச் சிறகு வேண்டுமென்று வேட்டையாடியதனால், 1941 ஆம் ஆண்டளவிலே நான்கே நான்கு கூடுகள் எஞ்சியிருந்தன. காவலிட்டுக் காத்தபின் மெல்லப் பெருகின. மாவோரி மொழியிலே, வாழ்நாளில் ஒருமுறை மட்டும் வரும் அரிய விருந்தாளியை இக்கொக்குக்கு ஒப்பிடுவார்கள். ஓரிடத்திலே மலிந்தது மற்றோரிடத்திலே மாணிக்கம். எமது ஊரிலே எவற்றை யெல்லாம் மலிவென்று எண்ணிப் பாராதிருக்கின்றோம் என்று சிந்தித்தோம்.

கடல் சொன்ன பாடம்

மதிய உணவின்பின் மூன்று மைற் கரைக்குப் புறப்பட்டோம். பொன் தேடியவர்கள் பொதி சுமந்து நடந்த பழைய பாதை இப்போதும் காட்டினூடே செல்கின்றது. மேலே மரங்கள் கூடி நிழல் செய்தன. தரையெல்லாம் பாசியும் பன்னமும். 'மணல் ஈ' என்னும் சிறு பூச்சி மட்டும் விருந்தினரை வரவேற்கத் தவறவில்லை. அதன் கடி எமது நுளம்பின் கடியைத் தோற்கடிக்கும்.

திரும்பும்போது கடற்கரையால் வருவதாகவே எண்ணம். ஆனால் அந்த வழி வற்று நேரத்திலே மட்டும் உரியது; பெருக்கு நேரத்திலே அலைகள் செங்குத்தான மண்மேட்டின் அடியைத் தொட்டுவிடும். மைத்துனர் நேரத்தைக் கணக்கிட்டுத்தான் வந்தார். பழைய கதைகளைப் பேசிக்கொண்டும் கற்களைப் பொறுக்கிக்கொண்டும் நாம்தாம் பொழுதைப் போக்கிவிட்டோம். கரையால் நடக்கத் தொடங்கிச் சற்றுத் தூரம் சென்றதும், எங்கோ தொலைவிலிருந்த அலை ஒன்று திடீரென ஏறிவந்து எமது முழங்காலைத் தழுவியது. கால்கீழ் மணல் நழுவியது. மருமகளின் கையை இறுகப் பற்றிக்கொண்டோம்.

"அத்தான், இஞ்சத்தைக் கடலை நம்பேலாது! திரும்புங்கோ, காட்டாலை போவம்!" என்று மைத்துனர் கத்தினார். இரண்டு மணி நேர நடையை மறுபடியும் நடந்தோம். வேட்டி கட்டிய கடற்கரைக்காரரென்று பெருமை பேசிய எமக்கு அந்த அலை நல்ல புத்தி கற்பித்தது. எமது பாக்கு நீரிணையின் அமைதியையே கடல் என்று எண்ணி வளர்ந்தவர்கள் தஸ்மன் கடலின் முன்னிலையிலே அடக்கத்தோடு நிற்றல் வேண்டும். குழந்தைகளை உடன்கொண்டு செல்வோர் ஊர் வழக்கத்தை மீறலாகாது என்பதையும் வாசகர்களுக்குச் சொல்லி வைக்கின்றோம்.

டொனவனின் கடை

கோடை காலமாதலால் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது. ஊருக்குத் திரும்பிய நாம் அதன் ஒரே தெருவிலே மெதுவாக நடந்தோம். பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தைக் கண்டோம். பிள்ளைகள் இல்லாது போனபின் அது இளைஞர் தங்கும் விடுதியாகப் பயன்பட்டது. துறைமுகக் கொட்டகையிலே அக்காலப் புகைப்படங்களை மாட்டி வைத்திருக்கின்றார்கள். மரப் பலகைக் கடைகளின் முன்னே, தொப்பியணிந்து, கைகட்டி, கூச்சத்தோடு நிற்கும் மனிதர்கள். மருமகள் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"மாமா, இந்த ஆக்கள் எல்லாரும் எங்க போனவை?"

"வேறை இடத்திலை பொன் இருக்கெண்டு போனவை, பிள்ளை."

"வீடுகளைப் பூட்டிப்போட்டோ?"

"ஓம்."

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு தந்தையாரைப் பார்த்து, "அப்பா, எங்கட அப்பம்மான்ர வீடும் இப்பிடித்தானே?" என்றாள்.

மைத்துனர் மறுமொழி சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை.

அங்கிருந்து சில அடி தூரத்திலே டொனவனின் கடை என்னும் கட்டடம் இருக்கின்றது. தங்க வேட்டைக் காலத்திலிருந்து அந்த ஊரிலே எஞ்சி நிற்பவற்றுள் முதன்மையானது அதுதான். கூரை போய், பலகை உக்கி, விழுந்துவிடும் நிலையிலிருந்து அதை மீட்டுச் செப்பனிட்டுத் தமது பொது மண்டபமாக வைத்திருக்கின்றார்கள். கூட்டமும் விருந்தும் இசை நிகழ்ச்சியும் அங்கேதான். முப்பது பேர் வாழும் ஊரிலே அவர்களுக்கென்று கூடுமிடம் ஒன்று இருக்கின்றது. வெளியாட்கள் பலர் அதனைக் கண்டு வியந்து செல்கின்றனர்.

கெரி ஹியூம் என்னும் பெண் எழுத்தாளர் இந்த ஊரிலே தம் கையாலே வீடு கட்டிப் பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர். மாவோரிக் குருதியும் ஐரோப்பியக் குருதியும் கலந்த குடும்பத்தவர். அவரது 'த போன் பீப்பிள்' என்னும் நாவல் 1985 இல் புக்கர் பரிசு பெற்றது. நியூசிலாந்தருள் அப்பரிசை முதலிற் பெற்றவர் அவரே. 2021 இல் மறைந்தார். ஆயிரம் பேர் வந்து மணலை அரித்துச் சென்ற இடத்திலே, அமைதியாகத் தங்கியிருந்த ஒருவர் வேறு வகையான பொன்னைக் கண்டெடுத்தார் எனலாம்.

பெட்டிக்குள் இருந்த பத்திரம்

அன்றிரவு நித்திரை வரவில்லை. வெளியே கடல் இரைந்துகொண்டேயிருந்தது. எமது ஊரைப்பற்றி எண்ணினோம். எமது வகுப்பறையிலே ஆண்டுதோறும் முதலிடம் பெறும் மாணவர்களுக்குக் கடல் கடந்து செல்லுமாறு நாமே புத்தி சொல்லுகின்றோம். கடல் கடந்தும் பொருள் தேடும்படி ஒளவைப் பாட்டியே சொல்லியிருக்கின்றார். போரின் கொடுமையாற் போனவர்களை எவரும் குறை கூறல் தகாது. உயிரைக் காக்க ஓடியவனும் பொன்னைத் தேடி ஓடியவனும் ஒருவரல்லர். ஆயினும் எமது ஒழுங்கையிலே பதினொரு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மாலையிலே பிள்ளைகள் கூடிப் படிப்பதற்கு இடமில்லை. வாசிகசாலைக் கட்டடம் ஒழுகுகின்றது. அம்மையாரின் வீட்டு விறாந்தையைத் தருவீர்களாவென்று வாசிகசாலைப் பொடியன்கள் சென்ற வருடம் எம்மிடம் வந்து கேட்டபோது, "வீடு விற்பனைக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அப்போது எமது கண்ணுக்கு முன்னே இருந்தது மகனின் படிப்புச் செலவு. எமது சுளகிலும் பொன் மட்டுமே தெரிந்தது.

விடியற்காலையில் மூவரும் ஊருக்குப் பின்னாலுள்ள குன்றின்மேல் ஏறினோம். கீழே களப்பு கண்ணாடி போலக் கிடந்தது, அப்பாற் காடு, அதற்கு அப்பால் பனி மூடிய மலைகள், மறு பக்கம் எல்லையற்ற கடல். நடுவே சிறு பெட்டிகளைப்போல ஊரின் கூரைகள். ஒரு புகைபோக்கியிலிருந்து புகை எழுந்தது. எவரோ அடுப்பு மூட்டிவிட்டார்கள்.

மைத்துனர் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர், "அத்தான், அந்தப் பேப்பர் இப்ப வேண்டாம். வாற வருசம் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாறன். அம்மான்ர வீட்டிலை ஒரு கிழமை இருந்து பாத்திட்டுச் சொல்லுறன். அதுவரைக்கும் விறாந்தையைப் பொடியளிட்டைக் குடுங்கோ" என்றார். சற்றுத் தயங்கி, "மருமோன்ர படிப்புக்கு..." என்று தொடங்கினார்.

"அதை நாங்கள் பார்த்துக்கொள்ளுவம்" என்றோம். எவ்வாறு பார்த்துக்கொள்வது என்பது அப்போது எமக்குத் தெரியாது. இப்போதும் முற்றாகத் தெரியவில்லை. ஊர் திரும்பியதும் மகனிடம் நடந்ததைச் சொன்னோம். அவன் முகம் வாடியது உண்மை. எமது நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கே முயல்வதாக இரண்டு நாட்களின் பின் கூறினான். அவன் மனப்பூர்வமாகச் சொன்னானா, எம்மைத் தேற்றுவதற்குச் சொன்னானா என்று நாம் கேட்கவில்லை.

கலியாண மண்டபக்காரர் வேறு காணி பார்த்துக்கொண்டார். மைத்துனர் வந்து பார்த்தபின் வீட்டை விற்கவே தீர்மானித்தாலும் தீர்மானிக்கலாம். அது அவருடைய உரிமை. ஆனால் இப்போதைக்கு மாலை ஆறு மணியாகும்போது அம்மையாரின் விறாந்தையிலே விளக்கு எரிகின்றது. பதினான்கு பிள்ளைகள் பாய் விரித்திருந்து படிக்கின்றார்கள். கணக்குப் பாடம் எம்முடையது. பத்திரம் கையொப்பமின்றி எமது மேசை இலாச்சியிலே கிடக்கின்றது. அதன்மேலே, மருமகள் பொறுக்கித் தந்த ஒக்காரிற்றோக் கடற்கரைக் கூழாங்கல் ஒன்று பாரத்துக்கு வைக்கப்பட்டிருக்கின்றது.